சிலிப் பட்டகோனியா: நுழைகழிகளையும் பனியாறுகளையும் வீதியாலும் படகாலும் சென்று பார்த்தல்

படுவான்கரை விவசாயி (வவுணதீவு)

அனைவருக்கும் வணக்கம். கனடாவில் வசிக்கும் என் மூத்த அண்ணனும் நானும் தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள பட்டகோனியாவுக்குச் சேர்ந்து போய்வருவதென்று முடிவு செய்திருக்கிறோம். எப்படிப் போவது என்பதில்தான் இருவருக்கும் உடன்பாடில்லை. உல்லாசக் கப்பலொன்றில் ஏறிவிட்டால் நுழைகழிகளையும் (மலைகளுக்கிடையே கடல் உள்ளே புகுந்த ஒடுங்கிய, ஆழமான நீர்க்கிளைகள்) பனியாறுகளையும் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே பார்த்துவிடலாம் என்பது அண்ணனின் கட்சி. சிலியின் தெற்கே காட்டுக்கும் மலைக்கும் ஊடாகப் போகும் கரெட்டேரா அவுஸ்ட்ரால் என்ற நெடுஞ்சாலையில் ஒரு வாகனத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டு, வீதி முடியும் இடங்களில் உள்ளூர்ப் படகுகளில் ஏறிப் பனியாறுகளின் அருகே போக வேண்டும் என்பது என் விருப்பம்.

எங்கள் கையிலுள்ளது ஏறக்குறைய மூன்று வார காலம். அங்கே கோடைகாலம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை என்று எல்லோரும் எழுதுகிறார்கள்; எனக்கோ அந்த மாதங்கள் தோதுப்படா. பெரும்போக வேளாண்மை கதிர்விட்டு விளைந்து நிற்கும் காலம் அது, யானைக் காவலும் உண்டு. அறுவடை செய்து நெல்லையும் விற்று முடிக்க மார்ச் நடுப்பகுதி ஆகிவிடும். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் வீடு திரும்பிவிட வேண்டும். மார்ச் பிற்பகுதியில் போனால் படகுகள் ஓடுமா, அல்லது விதைப்பு முடிந்த கையோடு நவம்பரில் போவதுதான் நல்லதா?

அண்ணனுக்கு முழங்கால் வருத்தம் இருக்கிறது. சமதரையில் ஆறுதலாக நடப்பார். படிகள் ஏறி இறங்குவதுதான் கடினம். அப்படிப்பட்ட ஒருவர் பனியாற்றின் முகப்பைக் கிட்ட நின்று பார்க்கக்கூடிய இடங்கள் எவை? நான் இங்கே டிராக்டரும் டபுள் கெப்பும் ஓட்டிப் பழகியவன் என்பதால் கிறவல் (சரளைக்கல்) வீதி எனக்குப் புதிதல்ல; ஆனால் வீதியின் வலப்பக்கமாக ஓட்டியதில்லை. நெடுஞ்சாலை முடியும் இடத்திலிருந்து தெற்கே புவேர்ட்டோ நத்தாலெஸ் வரை வாகனத்துடன் போக வழியுண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன். வரைபடத்தில் அந்த இடைவெளியில் நிலத்தைவிட நீரும் பனியுமே அதிகமாகத் தெரிகின்றன.

பேர்ண்வாசி (சொந்த ஊர் கொக்கட்டிச்சோலை)

வணக்கம் தம்பி. கணவரும் நானும் அந்த வீதியில் ஓட்டிப் போயிருக்கிறோம். ஆகையால் முதலில் ஒன்றைச் சொல்கிறேன்: அங்கே வீதியா படகா என்ற கேள்வியே எழுவதில்லை. கரெட்டேரா அவுஸ்ட்ரால், புவேர்ட்டோ மொன்ட் நகரிலிருந்து வில்லா ஓஹிகின்ஸ் என்ற சிற்றூர் வரை ஏறத்தாழ 1,240 கிலோமீட்டர் நீளமானது. இராணுவ ஆட்சிக் காலத்தில் 1976இல் தொடங்கிய வேலை, 2000ஆம் ஆண்டில்தான் வில்லா ஓஹிகின்ஸை எட்டியது. இவ்வளவு காலம் எடுத்தும் நுழைகழிகள் குறுக்கிடும் இடங்களில் வீதி அறுந்தே கிடக்கிறது. அங்கெல்லாம் வாகனத்தோடு பாதையில், அதாவது வாகனங்களை ஏற்றும் படகில், ஏறி அக்கரை சேர்வதுதான் வழி. புவேர்ட்டோ மொன்ட்டிலிருந்து புறப்பட்டு ஒரு மணித்தியாலம் ஆவதற்குள் லா அரேனாவில் முதலாவது பாதை வந்துவிடும். ஓர்னோபிரேனுக்கு அப்பால் ஒரு நீண்ட பாதைப் பயணம், இடையில் பத்துக் கிலோமீட்டர் தரைவழி, மறுபடியும் இன்னொரு பாதை என்று கலேட்டா கொன்சாலோவை அடைய வேண்டியிருக்கும். இந்தப் பகுதியில் முன்பதிவு இல்லாமல் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இடம் கிடைப்பது அரிது, ஏனென்றால் சிலி மக்களின் விடுமுறைக் காலமும் அதுதான்.

ஆகவே நீங்கள் மார்ச்சில் போவது குறையல்ல, வாய்ப்பு என்றே நான் கருதுகிறேன். நெருக்கடி குறைந்துவிடும், கோடையில் ஓயாமல் அடிக்கும் மேல்காற்றும் ஓரளவு தணியும், ஜனவரியில் கறுப்பு உடையைக் கண்டால் மொய்த்துக் கடிக்கும் பெரிய ஈக்களும் இரா. மார்ச் கடைசியில் மலைச்சரிவுகளிலுள்ள லெங்கா மரங்களின் இலைகள் சிவக்கத் தொடங்கும். ஏப்ரல் நகர நகரப் படகுக்காரர் பலர் ஓட்டங்களைக் குறைத்துவிடுவார்கள் என்பதால், படகுப் பயணங்களை முதல் இரண்டு வாரங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் அழகான மாதம்தான். இருந்தாலும் காற்றும் மழையும் மாறி மாறி வரும் வசந்த காலம் என்பதால் சிறிய படகுகளை நம்பித் திட்டமிட முடியாது.

மூன்று வாரத்தில் முழு வீதியையும் ஓடி முடிக்க நினைக்காதீர்கள். சந்தியாகோவிலிருந்து பல்மசேதா விமான நிலையத்தில் இறங்கி, கொய்யைக்கே நகரில் வாகனம் எடுத்து, அங்கிருந்து வடக்கே ஒரு முறையும் தெற்கே ஒரு முறையும் போய்வந்தால் இந்த வீதியில் பார்க்க வேண்டியவற்றில் சிறந்தவை அடங்கிவிடும். வடக்கே விடுபட்டுப் போவது புமாலின் காடும், 2008இல் எரிமலை வெடித்துச் சாம்பலிலும் சேற்றிலும் புதைந்து மீண்டெழுந்த சாய்டென் நகரும். அவற்றுக்காக வருந்த வேண்டாம்.

வடக்கே கெவ்லாட் தேசியப் பூங்காவில், பாறை விளிம்பில் தொங்கி நிற்கும் பனியாறு ஒன்று உண்டு. அதன் அடியில் உருகும் நீர் அருவிகளாகக் கீழே விழுகிறது. வாகனத் தரிப்பிடத்திலிருந்து குறுகிய தூரத்திலேயே அதைத் தொலைவாகக் காணலாம்; அடியிலுள்ள சிறு ஏரியில் படகும் விடுகிறார்கள். மழைமேகம் கவிந்திருந்தால் ஒன்றும் தெரியாது, ஆகையால் முகில் விலகும்வரை பொறுத்திருக்க வேண்டும். அருகேயுள்ள புயுவாப்பி, 1935இல் செருமானியக் குடியேறிகள் நுழைகழியின் தலைப்பில் அமைத்த ஊர். தங்குவதற்கு நல்ல இடம்.

தெற்கே போகும்போதுதான் பயணம் களைகட்டும். செர்ரோ காஸ்டியோவுக்குத் தெற்கே தார் முடிந்து கிறவல் தொடங்குகிறது. வலப்பக்க ஓட்டம் அரை நாளில் பழகிவிடும். எதிரே வாகனங்களே அரிது என்பதால் அங்கே சிக்கல் அதுவல்ல. வளைவுகளில் கிறவல் உருண்டு வாகனம் வழுக்குவதுதான் சிக்கல். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். மேலதிகச் சில்லு இரண்டு இருந்தால் நல்லது. தாங்கியில் பாதி குறைந்ததும் எரிபொருள் நிரப்பிவிடுங்கள். ஹெனரல் கரேரா ஏரியின் கரையிலுள்ள புவேர்ட்டோ ரியோ திரான்கிலோ என்ற சிற்றூரில் சில இரவுகள் தங்குங்கள். சிலியில் மிகப் பெரிய ஏரி அதுதான், அதன் கிழக்குப் பாதி ஆர்ஜென்டீனாவில் வேறு பெயரோடு கிடக்கிறது. ஏரிநீர் சலவைக்கல்லைக் குடைந்து உண்டாக்கிய குகைகளுக்குள் சிறிய படகில் கூட்டிப்போவார்கள். காலையில் போக வேண்டும். பின்னேரக் காற்றில் அந்த ஏரி கடலைப்போல் கொந்தளிக்கும்.

அங்கிருந்து மேற்கே எக்ஸ்ப்ளோரதோரெஸ் பள்ளத்தாக்கு வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கிறவல் வீதி கடல்வரை போகிறது. அதன் முடிவில் படகேறி எலெஃபாந்தெஸ் நுழைகழி வழியாக இரண்டு, மூன்று மணித்தியாலம் போனால் சான் ரஃபயேல் கடனீரேரி (கடலோடு இணைந்த உப்புநீர் ஏரி) வரும். வட பட்டகோனியப் பனிவெளியிலிருந்து இறங்கும் பனியாறு அங்கே நேரே உப்புநீரில் வந்து நிற்கிறது. நாங்கள் அதன் முன்னே இயந்திரத்தை அணைத்துவிட்டு நின்றபோது, பனிச்சுவரில் ஒரு துண்டு விழுவதைக் கண் கண்டதற்குப் பிறகுதான் அதன் இடிமுழக்கம் காதில் விழுந்தது. அதற்கும் பிறகு அலை வந்து படகைத் தூக்கியது. மிதக்கும் பனிக்கட்டியை வலையில் அள்ளி, அதில் விஸ்கி ஊற்றிக் கொடுப்பது படகுக்காரரின் வழக்கம். ஆயிரமாயிரம் ஆண்டுப் பழமையான பனி என்று அவர்கள் சொல்வதை நம்பத்தான் வேண்டும் என்றில்லை.

உங்கள் அண்ணனுக்கு இந்தப் படகு ஒத்துவருமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. நடை இல்லை என்பது உண்மை. ஆனால் படகு அலையில் அடித்து அடித்துப் போகும், அந்த அடி முழங்காலில்தான் இறங்கும். அதே கடனீரேரிக்குப் புவேர்ட்டோ சகபூகோ துறைமுகத்திலிருந்து பெரிய கட்டமரான் (இரட்டை உடற்பகுதி கொண்ட) கப்பல் விடுகிறார்கள். ஒரு முழுநாட் பயணம், விலை கூட, ஆனால் நல்ல இருக்கை, சாப்பாடு, மூடிய தளம் எல்லாம் இருக்கும். வீதியில் உங்கள் விருப்பம், படகில் அண்ணனின் விருப்பம் என்று பிரித்துக்கொண்டால் சண்டை வராது.

கலேட்டா டோர்டெல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கே போகச் சொல்வார்கள். சைப்பிரஸ் பலகைகளால் நீரோரமாக அமைத்த நடைபாதைகளைத் தவிர அந்த ஊருக்குள் தெருவே கிடையாது. 2003இல்தான் வீதி அதன் எல்லையைத் தொட்டது; வாகனத்தை மேலே நிறுத்திவிட்டுப் பயணப்பையைத் தூக்கிக்கொண்டு மரப்படிகளால் இறங்க வேண்டும், திரும்பும்போது அத்தனை படியும் ஏற வேண்டும். அண்ணனோடு அங்கே இரவு தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மருதமுனை மாலுமி

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். சரக்குக் கப்பல்களில் வேலை செய்த காலத்தில் மகெல்லன் நீரிணை வழியாகவும் சிலியின் உட்கால்வாய்கள் வழியாகவும் போயிருக்கிறேன். வீதியைப் பற்றி எனக்குத் தெரியாது. நீர்வழியைப் பற்றிச் சொல்கிறேன்.

டோர்டெலுக்கு அண்மையிலுள்ள புவேர்ட்டோ யுங்கையிலிருந்து புவேர்ட்டோ நத்தாலெஸுக்கு வாகனங்களை ஏற்றும் கப்பல் ஒன்று ஓடுகிறது. உங்கள் கடைசிக் கேள்விக்கு அதுதான் விடை. ஏறத்தாழ 41 மணித்தியாலப் பயணம். அறை கிடையாது, சாய்த்துக்கொள்ளும் இருக்கையில்தான் உறங்க வேண்டும். யுங்கையில் இன்னொரு பாதையும் இருக்கிறது. மிட்செல் நுழைகழியைக் கடந்து ரியோ பிராவோவுக்கு இலவசமாக ஏற்றிப் போவது அது. வில்லா ஓஹிகின்ஸுக்குப் போகிறவர்கள் அதில் ஏறுவார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓஹிகின்ஸில் வீதி முடிந்துவிடும். அதற்குத் தெற்கே ஏரிப் படகில் போவதும் நடந்து போவதும்தான், வாகனத்துக்கு வழியில்லை.

பெரிய உல்லாசக் கப்பலை நான் இகழ மாட்டேன், ஆனால் அது எந்தக் கால்வாயை இரவில் கடக்கிறது என்பதைப் பயண நிரலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நீளமான கப்பல் நுழைகழியின் ஒடுங்கிய தலைப்புக்குள் போகாது. அமாலியா போன்ற ஒரு பனியாற்றின் முன்னே கொஞ்ச நேரம் நின்று, திரும்பி, வெளியேறிவிடும். புவேர்ட்டோ மொன்ட்டிலிருந்து நத்தாலெஸுக்கு ஏறக்குறைய நான்கு நாளில் போகும் கப்பலும் உண்டு. அது தைத்தாவோ தீபகற்பத்தைச் சுற்றிப் பேனாஸ் வளைகுடாவைக் கடந்தாக வேண்டும். பசிபிக் கடலுக்கு நேரே வாய் திறந்து கிடக்கும் அந்த வளைகுடாவில், மேற்கே இருந்து தடையில்லாமல் வரும் அலை கப்பலைப் பக்கவாட்டில் உருட்டும். பழகிய மாலுமிக்கே சோறு இறங்காது. 1741இல் வேகர் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் உடைந்தது இதன் தென்புறத் தீவுகளில்தான். இந்தச் சுற்றைத் தவிர்ப்பதற்காக ஒஃப்கி என்ற பூசந்தியை (இரு நீர்ப்பரப்புகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தை) வெட்டிச் சான் ரஃபயேல் கடனீரேரியை வளைகுடாவோடு இணைக்கும் வேலையைச் சிலி அரசாங்கம் 1937இல் தொடங்கி, 1943இல் கைவிட்டது. யுங்கைக் கப்பல் வளைகுடாவுக்குத் தெற்கே தொடங்குவதால் அந்த ஆட்டம் உங்களுக்கு இல்லை.

அக்கப்பல் மெசியர் கால்வாய்க்குள் இறங்கும்போது இரண்டு பக்கமும் மலை, கீழே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம். இவ்வளவு ஆழமான நீரின் நடுவே கொட்டபாக்ஸி என்ற மேட்டில், கப்பித்தான் லெயோனிடாஸ் என்ற சரக்குக் கப்பல் தரைதட்டித் துருப்பிடித்து நிற்கிறது. தெற்கே போகப் போகக் கால்வாய் ஒடுங்கி, ஒரு நேரத்தில் ஒரு கப்பல் மாத்திரம் நுழையக்கூடிய ஆங்கில நெருக்கு வரும். வற்றும் ஏறும் நீரின் வேகம் தணியும் நேரம் பார்த்துத்தான் அதற்குள் புகுவார்கள். வெளிநாட்டுக் கப்பல்கள் இந்தக் கால்வாய்களில் சிலி நாட்டு வழிகாட்டி மாலுமிகளை ஏற்றிக்கொள்வது கட்டாயம். நெருக்கைக் கடந்ததும் வெலிங்டன் தீவிலுள்ள புவேர்ட்டோ எடென். வீதியே இல்லாத ஊர். தோணிகளில் இக்கால்வாய்களெங்கும் நெருப்பு மூட்டிக்கொண்டு அலைந்து திரிந்து வாழ்ந்த கவெஸ்கார் மக்களில் எஞ்சிய குடும்பங்கள் கடந்த நூற்றாண்டில் அங்கேதான் நிலைகொண்டன. கடல்நாய் வேட்டைக்காரரும் நோயும் அவர்களை அருகச்செய்த கதையை அங்கே போகிறவர்கள் அறிந்துகொண்டு போவது நல்லது.

பேர்ண் அக்கா சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த 41 மணித்தியாலத்தில் பனியாற்றின் முகப்பைப் பார்க்கலாம் என்று நம்பி ஏறாதீர்கள். இது ஊர்மக்களுக்கும் சரக்குக்குமான கப்பல்; பனியாறுகளுக்காக வழி விலகாது. மழை இல்லாவிட்டால் மலைத்தலைகளில் பனி தெரியும். மிதக்கும் சிறு கட்டிகள் தென்படலாம். அண்டார்ட்டிக்காவை விட்டால் தென்னரைக்கோளத்தின் மிகப் பெரிய பனியாறான பியோ பதினொன்று இந்த வழிக்குக் கிழக்கே எயர் நுழைகழியின் உள்ளே இருக்கிறது. அதற்குத் தனியான சுற்றுலாக் கப்பல் வேண்டும். டோர்டெலிலிருந்து சிறு படகில் போகக்கூடியது ஹோர்ஹே மொன்ட் பனியாறு. நீண்ட நாள், திறந்த குளிர். உங்கள் அண்ணனுக்கு வேண்டாம்.

சிறிய படகுகளுக்கு ஒரு விதி உண்டு. காற்று எழுந்துவிட்டால் சிலிக் கடற்படையின் துறைமுக அதிகாரி துறையை மூடிவிடுவார், பிறகு எந்தப் படகோட்டியும் கயிறு அவிழ்க்க மாட்டார். மலைமேலிருந்து திடீரென்று கீழே விழுந்து அடிக்கும் காற்றை நான் கண்டிருக்கிறேன். ஒரு நிமிடத்துக்கு முன்பு கண்ணாடியாய்க் கிடந்த நீர், நுரையாய்ப் பறக்கும். ஆகையால் படகேறும் நாளுக்கு மறுநாள் விமானச் சீட்டு வைத்திருக்காதீர்கள். ஒவ்வொரு படகுக்கும் பின்னால் இரண்டு வெற்று நாள் வையுங்கள்.

புவியியல் ஆசிரியர் (திருக்கோவில்)

நான் அங்கே போனவன் அல்லன். உயர்தர வகுப்பில் பல ஆண்டுகள் பனியாற்றியல் கற்பித்தவன். அந்த உரிமையில் சிறிது எழுதுகிறேன்.

சான் ரஃபயேல் பனியாறு கடலைத் தொடுவது ஏறத்தாழ 46 பாகை 40 கலை தென் அகலக்கோட்டில். வடக்கே அதே அளவு அகலக்கோட்டில் இருப்பது பேர்ண் அக்கா வாழும் சுவிட்சர்லாந்து. அங்கே பனியாற்றைக் காண மலையுச்சிக்கு ஏற வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு மிக அண்மையில் கடலை வந்தடையும் பனியாறு சான் ரஃபயேல்தான். காரணம் குளிர் மட்டுமன்று, ஈரம். பசிபிக்கிலிருந்து ஓயாது வீசும் மேலைக்காற்று அந்தீஸ் மலையில் முட்டி மேலெழுந்து, ஆண்டுக்குப் பல ஆயிரம் மில்லிமீட்டர் மழையாகவும் பனியாகவும் கொட்டுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே ஆர்ஜென்டீனப் பக்கம் இறங்கும்போது அக்காற்றில் ஈரம் தீர்ந்துபோய், புல்லும் புதரும் மட்டுமே முளைக்கும் வறண்ட வெளி தொடங்கிவிடும். இரண்டு பக்கத்தையும் ஒரே பயணத்தில் காண்பவருக்கு நான் கரும்பலகையில் ஒரு பாடவேளை முழுவதும் வரைந்து விளக்குவது ஒரு நாளில் விளங்கிவிடும்.

நுழைகழிகள் இதே பனியின் கைவேலை. பழைய பனியுகங்களில் தடித்த பனியாறுகள் பள்ளத்தாக்குகளைக் கடல்மட்டத்துக்கும் கீழே உழுது ஆழமாக்கின. பனி பின்வாங்கிய பிறகு கடல் உள்ளே புகுந்தது. அதனால்தான் கரையிலிருந்து ஒரு கல்லெறி தூரத்திலேயே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் இருக்கிறது. பனியாறு அரைத்த பாறைமா கலப்பதால் ஏரிகள் பச்சை நீலமாகத் தெரிகின்றன. பனிக்கட்டி நீலமாகத் தெரிவது வேறு காரணத்தால், அழுத்தத்தில் காற்றுக்குமிழ்கள் வெளியேறிய அடர்ந்த பனி ஒளியின் சிவப்பை உறிஞ்சிவிடுவதால்.

தம்பியின் அண்ணனுக்கு எந்தப் பனியாறு என்பதில் அக்காவோடு நான் மாறுபடுகிறேன். ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால் ஆர்ஜென்டீனாவின் பெரிட்டோ மொரேனோதான். 1981இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த லோஸ் கிளாசியாரெஸ் தேசியப் பூங்காவில் இருக்கிறது. எல் கலஃபாத்தே நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தார்வீதி. முகப்பு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் அகலம், நீருக்கு மேல் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். எதிரே உள்ள தீபகற்பத்தில் உலோக நடைமேடைகள் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் சக்கர நாற்காலி போகக்கூடிய பகுதியும் உண்டு. கீழே படகும் விடுகிறார்கள்.

இந்தப் பனியாறு முன்னே வளர்ந்து எதிர்க்கரையைத் தொட்டுவிட்டால், ஆர்ஜென்டீனோ ஏரியின் ரிக்கோ என்ற கிளை அடைபட்டுவிடும். முகத்துவாரத்தில் மணல் மூடி நமது வாவி வயலுக்குள் ஏறுவதைப் போலவே அங்கும் நீர் ஏறும். ஆனால் வெட்டிவிட ஆள் தேவையில்லை. ஏறிய நீர் பனியின் அடியைக் குடைந்து சுரங்கமாக்கி, மேலே ஒரு வளைவை மட்டும் விட்டுவைத்து, பிறகு அந்த வளைவும் சரிந்து விழும். 1988க்குப் பிறகு 16 ஆண்டு கழித்து 2004 மார்ச்சில் உடைந்தது. அதன்பின் 2006, 2012, 2016, 2018, 2019 என்று பலமுறை, பெரும்பாலும் மார்ச் மாதத்தில். நீங்கள் போவதும் மார்ச் என்பதால் அதைக் காணலாம் என்று எண்ணிவிட வேண்டாம். நெடுங்காலம் நிலையாக நின்ற இப்பனியாறும் அண்மைய ஆண்டுகளில் பின்வாங்கத் தொடங்கியிருக்கிறது. மாலுமி சொன்ன ஹோர்ஹே மொன்ட், 1898 முதல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. பழைய வரைபடத்தில் பனியாக இருந்த இடத்தில் இன்று படகு ஓடுகிறது. பியோ பதினொன்று மட்டும் இந்தப் போக்குக்கு விலக்காக முன்னேறி வந்தது.

படுவான்கரை விவசாயி

அக்காவுக்கும் நானாவுக்கும் சேருக்கும் மிக்க நன்றி. அண்ணனுக்கு மூன்று பதில்களையும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பேனாஸ் வளைகுடாவைப் பற்றிக் கேட்டதும் உல்லாசக் கப்பல் பேச்சு ஓய்ந்துவிட்டது. மார்ச் நடுவில் போய்க் கொய்யைக்கேயில் வாகனம் எடுத்து, கெவ்லாட்டையும் திரான்கிலோவையும் பார்த்து, சகபூகோவிலிருந்து சான் ரஃபயேலுக்குப் போய், பிறகு தெற்கே இறங்கி எல் கலஃபாத்தேயில் முடிப்பது என்று இப்போதைக்கு எண்ணியிருக்கிறோம். அந்தத் தெற்கே இறங்கும் பகுதியில்தான் தெளிவு வேண்டும். வாடகை வாகனத்தோடு யுங்கைக் கப்பலில் ஏறுவது நல்லதா, அல்லது எல்லையைக் கடந்து ஆர்ஜென்டீனா வழியாக ஓட்டிப் போவதா?

பேர்ண்வாசி

சேர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்; நடைமேடையில் நின்று மணிக்கணக்கில் பார்க்கும் வசதி சான் ரஃபயேலில் இல்லை. ஆனால் உப்புநீரில் மிதக்கும் பனிக்கட்டிகளுக்கு நடுவே நிற்பது வேறு அனுபவம் என்பதால் இரண்டையும் வைத்திருப்பது சரி.

வாகனத்தைத் தெற்கே விட்டுவிட்டு வருவதற்கு வாடகை நிறுவனங்கள் வாங்கும் கட்டணம் மிகப் பெரியது. எனவே கொய்யைக்கேயிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அங்கிருந்து ஹெனரல் கரேரா ஏரியைப் படகில் கடந்து சிலே சிக்கோவுக்குப் போய், எல்லைக்கு அப்பாலுள்ள லோஸ் அந்திகுவோஸில் பேருந்து பிடித்தால் 40ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியாக எல் சால்டெனுக்கும் எல் கலஃபாத்தேக்கும் இறங்கலாம். நீண்ட, வறண்ட வழி. சேர் சொன்ன அந்த வேறுபாடு பேருந்து யன்னலிலேயே தெரியும். யுங்கைக் கப்பலில் அண்ணன் இரண்டு இரவு இருக்கையில் உறங்கத் தயாரென்றால், வாகனத்தை ஒப்படைத்த பிறகு பேருந்தில் போய் வாகனமில்லாப் பயணிகளாக ஏறுங்கள். அது வாரத்தில் ஓரிரு முறையே புறப்படும், நத்தாலெஸிலிருந்து எல் கலஃபாத்தேக்குப் பேருந்து உண்டு. டோர்டெலில் ஏறாமல் யுங்கையில் ஏறினால் படிகளும் இல்லை.

வாகனத்தோடுதான் எல்லை கடப்பேன் என்றால், நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி எழுத்து அனுமதிப் பத்திரமும் ஆர்ஜென்டீனக் காப்புறுதியும் பெற வேண்டும். எல்லையில் போய்க் கேட்டால் கிடைக்காது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்குக் கனடியக் கடவுச்சீட்டு என்றால் அவருக்கு விசா தேவைப்படாது. உங்களுக்கு இரண்டு நாட்டு விசாவும் வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். எல் கலஃபாத்தேயிலிருந்து சந்தியாகோவுக்குத் திரும்பி அங்கிருந்து விமானம் ஏறுவதாக இருந்தால், சிலிக்குள் இரண்டாம் முறை நுழைய வேண்டியிருக்கும் என்பதை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுப் பலமுறை நுழையக்கூடிய விசாவாகக் கேளுங்கள்.

மருதமுனை மாலுமி

ஒரு சிறு சேர்க்கை. சிலே சிக்கோப் படகும் காற்றுக்கு நிற்கும் படகுதான். அதற்கும் அந்த இரண்டு வெற்று நாளைக் கணக்கில் வையுங்கள். எல் கலஃபாத்தே விமானச் சீட்டின் திகதியை மாற்றக்கூடியதாக எடுங்கள்.